சாதாரணதரப் பெறுபேறு வந்த பின்: உயர்தரப் பிரிவைத் தெரிவு செய்வதற்கான வழிகாட்டி

இலங்கையில் பதினொரு ஆண்டுகள் படித்து எழுதும் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதர) சாதாரணதரப் பரீட்சையும், அதன் பின் இரண்டு ஆண்டுகள் படித்து எழுதும் உயர்தரப் பரீட்சையும் பெயரளவில் ஒரே சான்றிதழின் இரண்டு படிகள். அவை செய்யும் வேலையோ வேறு வேறு. சாதாரணதரம் ஒரு பிள்ளை எதை எந்த அளவுக்குக் கற்றிருக்கிறது என்று சொல்ல முற்படுகிறது. உயர்தரம், அதிலும் பாடப் புள்ளிகளை ஒப்பிடக்கூடியவாறு மாற்றிக் கணிக்கும் அதன் இசட் புள்ளி, நாட்டிலுள்ள சொற்பமான பல்கலைக்கழக இடங்களுக்கு யார் முன்னே நிற்பது, யார் பின்னே நிற்பது என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிரித்தறியாமல் பிரிவைத் தெரிவு செய்யும் குடும்பங்களே பிற்பாடு அதிகம் வருந்துகின்றன. பெறுபேறு கைக்கு வந்த நாளிலிருந்து பல்கலைக்கழக விண்ணப்பம் வரை, இந்த முறையின் பலம் எது, பலவீனம் எது என்பதை அறிந்து எப்படி முடிவெடுக்கலாம் என்பதைப் பெற்றோருக்கும் மாணவருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பெறுபேற்றுத் தாளை வாசிக்கும் முறை

சாதாரணதரத்தில் ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்ற ஆறும் எல்லோருக்கும் கட்டாயமானவை. மற்றைய மூன்றும் தொகுதிப் பாடங்கள், அதாவது தொகுதிகளிலிருந்து மாணவர் தெரிவு செய்பவை. உயர்தரம் கற்பதற்குத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றில் மூன்றிலாவது சி அல்லது அதற்கு மேற்பட்ட சித்தியும் வேண்டும் என்பதே அடிப்படை விதி. எத்தனை ஏ என்று எண்ணுவதோடு பெரும்பாலான வீடுகளில் வாசிப்பு முடிந்துவிடுகிறது. அந்த எண்ணிக்கையால் பிரிவைத் தெரிவதற்குப் பயன் மிகக் குறைவு.

முதலில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் தனியே எடுத்துப் பாருங்கள். ஏ சித்தி 75 புள்ளிகளில் தொடங்குகிறது. எனவே 76 புள்ளி பெற்ற பிள்ளைக்கும் 98 புள்ளி பெற்ற பிள்ளைக்கும் சான்றிதழில் ஒரே எழுத்துத்தான் இருக்கும். உயர்தர இணைந்த கணிதத்தை இந்த இருவரும் ஒரே இலகுவோடு எதிர்கொள்ள மாட்டார்கள். சான்றிதழ் மறைத்துவிடும் இந்த இடைவெளியைப் பாடசாலைத் தவணைப் பரீட்சைப் புள்ளிகளும், கணித ஆசிரியரின் நேர்மையான அபிப்பிராயமும் வெளிக்காட்டும். தரம் 10, 11 தவணை அறிக்கைகளை எடுத்து வைத்து, அட்சரகணிதத்திலும் கேத்திரகணிதத்திலும் பிள்ளை தானாகச் சிந்தித்துச் செய்ததா, பழகிய கணக்குகளை மாத்திரம் திரும்பச் செய்ததா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடை ஒன்பது ஏ என்ற செய்தியைவிடப் பெறுமதியானது.

ஆங்கிலத்தை இங்கே குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தாலும் அதன் புள்ளி இசட் புள்ளியில் சேர்வதில்லை. ஆகவே மாணவர் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் ஆகியவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. தமிழ் மொழிமூலத்தில் இரண்டு ஆண்டுகள் நன்றாகப் படித்து உள்ளே சென்ற பிள்ளை முதலாம் ஆண்டில் விரிவுரை விளங்காமல் தவிப்பது இந்தப் பரீட்சை முறை தானே உண்டாக்கிய குறைபாடு. வேறு சில கற்கைநெறிகள் சாதாரணதர ஆங்கிலம் அல்லது கணிதத்தின் சித்தித் தரத்தையும் தனி நிபந்தனையாகக் கேட்கின்றன. சாதாரணதர ஆங்கிலத்தில் எஸ் (மிகக் குறைந்த சித்தி) அல்லது அதற்குக் கீழே பெற்ற பிள்ளை, எந்தப் பிரிவை எடுத்தாலும், வாரத்தில் சில மணி நேரத்தையாவது ஆங்கிலத்துக்கென்று முதல் நாளிலிருந்தே ஒதுக்கிவைக்க வேண்டும்.

பாடச் சேர்க்கை மூடிவிடும் கதவுகள்

உயர்தரத்தில் மூன்று பாடங்களே பிரதானமானவை. 2000 ஆம் ஆண்டு வரை நான்காக இருந்ததை மூன்றாகக் குறைத்ததால் சுமை குறைந்தது. அதே அளவுக்கு ஒவ்வொரு பாடத்தின் நிறையும் கூடியது. கலை, வர்த்தகம், உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம் என்ற பழைய நான்கு பிரிவுகளோடு, 2013 இல் தொழில்நுட்பப் பிரிவும் சேர்க்கப்பட்டது. பதினாறு வயதில் இவற்றில் ஒன்றைத் தெரிந்தபின் திரும்பி வருவது கடினம். ஆழமாகக் கற்கும் வாய்ப்பு இந்த முறையின் பெரும் பலம். இளவயதிலேயே பாதையை ஒடுக்கிவிடுவது அதன் பெரும் பலவீனம். இவை இரண்டும் ஒரே ஏற்பாட்டிலிருந்து பிறப்பவை, ஆகையால் ஒன்றை விட்டு மற்றதை மாத்திரம் எடுத்துக்கொள்ள முடியாது.

பிரிவின் பெயரைவிட அதற்குள் எடுக்கும் மூன்று பாடங்களைக் கவனமாகப் பாருங்கள். உயிரியல் பிரிவில் உயிரியலோடும் இரசாயனவியலோடும் மூன்றாவதாகப் பௌதிகவியலுக்குப் பதில் விவசாய விஞ்ஞானத்தை எடுக்கலாம். பௌதிகவியலில் இடர்ப்படும் பிள்ளைக்கு அது நல்ல மாற்று. விவசாய பீடம் முதலிய பல கற்கைநெறிகளுக்கு அது போதும். ஆனால் மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றுமே வேண்டியிருப்பதால், அந்தக் கதவு தெரிவு செய்த அன்றே மூடிவிடுகிறது. பௌதிக விஞ்ஞானப் பிரிவில் இரசாயனவியலை விட்டுத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுப்பவருக்கும் இப்படித்தான்: கணினி சார்ந்த சில கற்கைநெறிகள் திறந்திருக்கும், பொறியியல் பீடம் மூடியிருக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைநூல் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் வேண்டிய பாடங்களைப் பட்டியலிடுகிறது. பெறுபேறு வந்த பிறகு புத்தகக்கடைக்கு ஓடி வாங்கும் இந்தக் கைநூலை, உயர்தர வகுப்பில் சேர்வதற்கு முன்னரே ஒருமுறை முழுமையாக வாசித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டடக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்கு உயர்தரப் பெறுபேற்றுக்கு மேலாக உளச்சார்புப் பரீட்சை ஒன்றும் உண்டு என்பது போன்ற விவரங்கள் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்து, பாடசாலை. நாட்டிலுள்ள ஏறத்தாழப் பத்தாயிரம் அரச பாடசாலைகளில், விஞ்ஞானப் பிரிவு உட்பட உயர்தரம் கற்பிக்கும் 1ஏபி வகைப் பாடசாலைகள் ஏறத்தாழ ஆயிரம் மாத்திரமே. 1சி வகைப் பாடசாலைகளில் கலையும் வர்த்தகமுமே உண்டு. மலையகத்திலோ வன்னியிலோ உள்ள ஒரு பிள்ளை கலைப் பிரிவை எடுக்கும்போது அது விருப்பத்தால் எடுத்ததா, பக்கத்தில் வேறு எதுவும் இல்லாததால் எடுத்ததா என்பதைச் சான்றிதழ் சொல்லாது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்பது நேர்மையானது. அந்த வினாத்தாளுக்கு ஆயத்தம் செய்யும் ஆய்வுகூடமும் ஆசிரியரும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மை. எனவே புதிய பாடசாலையில் சேர்க்குமுன் அதன் பெயரை மறந்துவிட்டு, நீங்கள் எடுக்கப்போகும் மூன்று பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர் இப்போது இருக்கிறாரா என்று அதிபரிடம் நேரே கேளுங்கள். பௌதிகவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்று ஒரு வருடமாக வெற்றிடம் நிரப்பப்படாத பாடசாலையில், மீதி இரண்டு பாடங்கள் எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் பயனில்லை.

இசட் புள்ளியைப் புரிந்துகொள்ளுதல்

வெவ்வேறு பாடங்களின் கடினம் வெவ்வேறாக இருப்பதால், மூலப்புள்ளிகளைக் கூட்டி ஒப்பிடுவது அநீதி. இதைத் தீர்க்கப் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்த இசட் புள்ளி முறை 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோரின் சராசரியைக் கழித்து, வரும் மீதியை, புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைக் காட்டும் அந்தப் பாடத்தின் நியம விலகலால் வகுத்தால் அதன் இசட் புள்ளி கிடைக்கும். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுடைய சராசரியே இறுதிப் புள்ளி.

கற்பனையான எண்களைக் கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சராசரி 42 ஆகவும் நியம விலகல் 16 ஆகவும் உள்ள ஒரு பாடத்தில் ஒருவர் 62 புள்ளி பெற்றால் அவருடைய இசட் புள்ளி 1.25. சராசரி 58 ஆகவும் நியம விலகல் 12 ஆகவும் உள்ள வேறொரு பாடத்தில் மற்றொருவர் 70 பெற்றால் அவருக்கு 1.00 தான் வரும். 62 பெற்றவர் 70 பெற்றவரை முந்திவிடுகிறார். முதலாமவருக்கு மற்றைய இரு பாடங்களிலும் 0.80, 1.10 என வந்தால், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க அவருடைய இறுதிப் புள்ளி 1.05. கடினமான பாடத்தை எடுத்தவர் அதற்காகத் தண்டிக்கப்படுவதில்லை என்பதே இந்த முறையின் மெய்யான பலம். "புள்ளி அள்ளலாம்" என்று பிறர் சொன்னதற்காக ஒரு பாடத்தை எடுப்பது வீண் என்பதும் இதிலிருந்து விளங்கும். எல்லோரும் அள்ளும் பாடத்தில் சராசரியும் உயர்ந்துவிடும்.

இதன் பலவீனங்களையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். இசட் புள்ளி உங்களை உங்களோடு பரீட்சை எழுதியவர்களோடு மாத்திரம் ஒப்பிடுகிறது. திறமையானவர்களே பெரும்பாலும் தெரியும் பாடத்தில் சராசரிக்கு மேலே நிற்பது கடினம். பலவகையினரும் எழுதும் பாடத்தில் அது இலகு. ஆகவே கலைப் பிரிவின் 1.5 ஐயும் பௌதிக விஞ்ஞானப் பிரிவின் 1.5 ஐயும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. இசட் புள்ளி எதிர்க்கணியமாக (பூச்சியத்துக்குக் கீழே) வந்துவிட்டால் பிள்ளை எதையும் படிக்கவில்லை என்று வீட்டார் கலங்குவதுண்டு. அது சராசரிக்குக் கீழே என்று மாத்திரமே சொல்கிறது. மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் எஸ் சித்தியும், உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் பெற்றவர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியை முழுமையாகப் பெற்றவரே.

இன்னொன்றும் உண்டு. இசட் புள்ளி நான்கு தசம தானங்களுக்குக் கணிக்கப்பட்டு, ஒரு கற்கைநெறிக்கு அனுமதி கிடைத்த மிகக் குறைந்த இசட் புள்ளியான வெட்டுப்புள்ளியும் அதே நுட்பத்தில் அறிவிக்கப்படுகிறது. மூன்றாம் தசமத்தில் வேறுபடும் இருவரில் யார் திறமையானவர் என்று உலகில் எந்தப் பரீட்சையாலும் சொல்ல முடியாது. ஒரு பல்தேர்வு வினாவில் தடுமாறியதே அந்த வேறுபாடாக இருக்கலாம். இடங்கள் குறைவாக இருப்பதால் எங்கேயாவது கோடு கிழிக்கத்தான் வேண்டும் என்பது நிர்வாகத் தேவை. அந்தக் கோட்டுக்கு மயிரிழை கீழே நின்ற பிள்ளையிடம் "நீ தோற்றுவிட்டாய்" என்று சொல்வதற்கு அந்தத் தேவை நியாயமாகாது. வெட்டுப்புள்ளிக்கு மிக அருகில் நிற்பவர்கள் பெறுபேற்று மீள்பரிசீலனைக்குத் தவறாமல் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான காலம் குறுகியது.

கணக்கீட்டு முறையும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. 2011 உயர்தரப் பரீட்சையில் புதிய பாடத்திட்டத்திலும் பழைய பாடத்திட்டத்திலும் தோற்றியவர்களை ஒன்றுசேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. அது தவறு என்று 2012 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, தனித்தனியே கணிக்கும்படி உத்தரவிட்டது. பாடத்திட்டம் மாறும் ஆண்டில் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

மாவட்டம் என்ற கேள்வி

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவையாக வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் மாவட்டங்களும் நுவரெலியா, பதுளை முதலியனவும் அந்தப் பதினாறில் அடங்கும்.

தமிழர் மத்தியில் இதைப் பற்றிப் பேசும்போது 1970களின் கசப்பு தவிர்க்க முடியாமல் கூடவே வருகிறது. 1971 இல் மொழிவாரியாகப் புள்ளிகளைத் தரப்படுத்தியதால், தமிழ் மொழிமூல மாணவர் அதே பீடத்துக்கு அதிக புள்ளி பெறவேண்டிய நிலை உண்டானது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர் ஒரு தலைமுறையினரின் மனத்தில் அது ஏற்படுத்திய காயம் நாட்டின் அரசியலையே மாற்றியது. மொழியைக் கொண்டு புள்ளியை மாற்றியது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றி அவ்வளவு இலகுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை: ஆய்வுகூடமோ போதிய ஆசிரியரோ இல்லாத முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்புப் பிள்ளைகள் மருத்துவ பீடத்துக்குச் செல்வதற்கு இன்று துணைநிற்பதும் அதுதான். அதே வேளை மாவட்டம் என்பது மிகப் பெரிய அலகு. ஒரே மாவட்டத்துக்குள் நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையும் தோட்டப்புறப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒதுக்கீட்டின் பயன் பெரும்பாலும் முன்னவருக்கே சேர்கிறது.

நடைமுறையில் நீங்கள் கவனிக்க வேண்டியது, உங்கள் மாவட்டம் எது என்பது. வீட்டு முகவரியைக் கொண்டு அது தீர்மானிக்கப்படுவதில்லை. உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் எந்த மாவட்டப் பாடசாலைகளில் எவ்வளவு காலம் படித்தீர்கள் என்பதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. உயர்தரத்துக்காக மாத்திரம் மாவட்டம் மாற நினைப்பவர்கள் கைநூலின் இந்தப் பகுதியைச் சொல்லுக்குச் சொல் வாசித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளைச் செலவிடும் வழி

வடமுனையிலிருந்து தென்முனை வரை ஒரே நாளில் ஒரே வினாத்தாள், பெயரில்லாத சுட்டெண், பரிந்துரைக்கோ பணத்துக்கோ இடமில்லாத திருத்தம்: 1945 இல் அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியோடு சேர்ந்து, ஏழை வீட்டுப் பிள்ளையை மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆக்கியது இந்த நம்பகத்தன்மையே. அது எவ்வளவு மென்மையானது என்பதை 2024 ஜனவரி காட்டியது. அப்போது நடந்த உயர்தரப் பரீட்சையில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகி, இரத்துச் செய்யப்பட்டு, மீண்டும் நடத்தப்பட்டது.

எல்லாமே ஒரு சில மணி நேர எழுத்துப் பரீட்சையில் தங்கியிருப்பதால் கற்றல் வினாத்தாளைச் சுற்றியே சுழல்கிறது. உயர்தர விஞ்ஞானப் பாடங்களுக்குச் செய்முறைப் பரீட்சை இல்லை; ஆதலால் டைற்றேசனை (கரைசலின் செறிவை அளக்கும் ஆய்வுகூடச் செய்முறையை) ஒருமுறையும் கையால் செய்யாமல் இரசாயனவியலில் ஏ எடுக்கலாம். காலையில் பாடசாலை, மாலையிலும் வார இறுதியிலும் ரியூசன் என்று பிள்ளையின் நாள் முழுவதும் நிரம்பிவிடுகிறது. ரியூசனை அடியோடு தவிர்க்கும்படி நான் சொல்லவில்லை. ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு அது வேண்டியிருக்கலாம். ஒரு பாடத்துக்கு ஓரிடம் என்று வரையறுத்து, தானாக இருந்து படிப்பதற்கு வகுப்பு நேரத்துக்குச் சமமான நேரத்தையாவது விட்டுவைக்க வேண்டும். கடந்தகால வினாத்தாள்களை இரண்டாம் ஆண்டின் நடுவிலிருந்து நேரம் வைத்துச் செய்து, பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிட்டுத் தானே திருத்திப் பார்க்கும் பிள்ளை, மூன்றாவது வகுப்புக்கு ஓடும் பிள்ளையைவிட அதிகம் முன்னேறும். தமிழ் மொழிமூலத்தில் எழுதுவோர் கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தையும் கூடவே குறித்துவைத்தால், பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டின் சுமை வெகுவாகக் குறையும்.

காத்திருக்கும் காலத்தையும் கணக்கில் எடுங்கள். 2022 ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2023 தொடக்கத்தில் நடந்து, பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. அதற்குப் பிறகும் பல்கலைக்கழகம் தொடங்க மாதங்கள் சென்றன. ஆங்கிலம், கணினி, கணக்கியல் போன்ற ஏதாவது ஒரு சான்றிதழ்ப் படிப்பை இந்த இடைவெளிக்கென்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்தால் அந்தக் காலம் வீணாகாது.

பெறுபேற்றுக்குப் பின்

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவுகளை வரிசைப்படுத்தும்போது பலர் சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளிகளைப் பார்த்து, "இது கிடைக்காது" என்று தாம் விரும்பியதைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். தெரிவு முறை உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் புள்ளிக்குக் கிடைக்கக்கூடிய முதலாவது இடத்தைத் தருகிறது. ஆகவே கிடைக்காத ஒன்றை மேலே போடுவதால் கீழே உள்ளதற்குப் பாதகம் இல்லை. விரும்பியதைக் கீழே போட்டால் மாத்திரமே நட்டம். உண்மையான விருப்ப வரிசையில் எழுதுங்கள், தகுதியுள்ள கற்கைநெறிகளை இயன்றவரை முழுமையாக நிரப்புங்கள். சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளி ஓரளவுக்கு வழிகாட்டுமே தவிர இவ்வாண்டுக்கு உத்தரவாதமாகாது.

தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. மீதி முக்கால் பங்கினருக்கு இந்த முறை "தகுதியுண்டு, இடமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறது. அதன் மிகப் பெரிய பலவீனம் இதுவென்றே கருதுகிறேன். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறை தோற்றலாம் என்பதால் இரண்டாம், மூன்றாம் முறை எழுதுவது வழக்கமாகிவிட்டது. எழுதுமுன் ஒரு கேள்விக்கு விடை காணுங்கள்: முதல் முறை புள்ளி குறைந்ததற்குக் குறிப்பிட்ட காரணம் ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிகிறதா? நோய், ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமை, ஒரு வினாத்தாளில் நேரம் போதாமை என்று சுட்டக்கூடியது இருந்தால் இரண்டாம் முறைக்குப் பொருள் உண்டு. முன்னைய அமர்வின் நல்ல பாடத்தைப் பின்னைய அமர்வோடு சேர்க்க முடியாது, மூன்றையும் புதிதாகவே எழுத வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மூன்றாம் முறையை வேறு ஏதாவது படிப்போடு சேர்த்தல்லாமல் தனியே எழுதும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அந்த வேறு படிப்புகள் இரண்டாந்தரமானவையல்ல. தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டம். இரத்மலானையிலுள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இந்த வழியாக வருவோருக்கென்றே தொடங்கப்பட்டது. உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்களில் உயர் தேசிய டிப்ளோமா கற்கலாம். தேசிய கல்வியியற் கல்லூரிகள் உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு ஆசிரிய மாணவரைச் சேர்க்கின்றன. 1980 இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் உயர்தரச் சித்தி இல்லாதவருக்கும் அடிப்படைக் கற்கைநெறி வழியாக உள்ளே வர இடமளிக்கிறது. சாதாரணதரத்தில் சித்தியடையாதவர்களுக்கு, 2017 இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ்ச் சில பாடசாலைகளில் தொழிற்கல்விப் பிரிவு உண்டு. இவற்றுக்கான விண்ணப்பங்கள் வெவ்வேறு மாதங்களில், வர்த்தமானியிலும் நாளிதழ்களிலும் வெளியாகின்றன. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வரும்வரை காத்திருந்தால் அவற்றில் சிலவற்றின் முடிவுத் திகதி கடந்துவிடும். ஆகவே உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்திலேயே பிரதேச செயலகத்திலோ வலயக் கல்வி அலுவலகத்திலோ கேட்டு, திகதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு இவற்றில் இரண்டுக்காவது சமகாலத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.